புகார் கொடுத்த பிறகு வரும் பழிவாங்கலும் கெட்ட ரெஃபரன்ஸும்: அமெரிக்க வேலையிடச் சட்டம், எளிய விளக்கம்

அமெரிக்காவில் தனியார் வேலை பெரும்பாலும் ‘அட் வில்’ ஏற்பாட்டில்தான் நடக்கிறது. நிறுவனம் காரணமே சொல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து எடுக்கலாம். ஊழியரும் நினைத்த நாளில் விலகலாம். மொண்டானா மாநிலம்தான் இதற்குப் பெரிய விதிவிலக்கு. ஆனால் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதற்காக எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம் என்று ஆகிவிடாது. இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு, 40 அல்லது அதற்கு மேற்பட்ட வயது, மாற்றுத்திறன், மரபணுத் தகவல் ஆகியவற்றைக் காரணமாக வைத்து ஒருவரைத் தண்டிப்பதைக் கூட்டாட்சிச் சட்டங்கள் தடுக்கின்றன. அப்படி ஒரு பாகுபாடு நடக்கிறது என்று வாய் திறந்து சொன்னதற்காகத் தண்டிப்பதையும் அதே சட்டங்கள் தடுக்கின்றன. முதல் தடை பலருக்கும் தெரியும். இரண்டாவது தெரிவதில்லை. நடைமுறையில் ஊழியரை அதிகம் காப்பாற்றுவது அந்த இரண்டாவதுதான்.

காரணம் எளிது. பாகுபாட்டை நிரூபிக்க மேலாளரின் மனத்துக்குள் இருந்த வெறுப்பைக் காட்ட வேண்டியிருக்கும். பழிவாங்கலுக்கோ ஒரு தேதி இருக்கிறது. புகார் கொடுத்த நாளுக்கு முன் நிலைமை எப்படி இருந்தது, பின் எப்படி மாறியது என்று காகிதத்தில் காட்டிவிடலாம். ஈ.ஈ.ஓ.சி. என்று எல்லோரும் சொல்லும் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்கு வரும் புகார்களில் மிக அதிகமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு பழிவாங்கல்தான். 2018 முதல் 2022 வரை ஒவ்வொரு நிதியாண்டிலும் பாதிக்கும் மேற்பட்ட புகார்களில் அது இருந்தது.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது இது: பாகுபாடும் பழிவாங்கலும் இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள். முதல் புகார் நிரூபணம் ஆகாமல் போனாலும் இரண்டாவதில் வெல்லலாம். “நடந்தது பாகுபாடுதான் என்று நியாயமாக நம்பினேன், அதைச் சொன்னேன், அதற்காகத் தண்டிக்கப்பட்டேன்” என்பது போதும். ஹெச்.ஆர். எனப்படும் மனிதவளத் துறை விசாரித்து ‘ஆதாரம் இல்லை’ என்று கோப்பை மூடிவிட்டதால் மேலாளர் கணக்குத் தீர்க்கலாம் என்றாகாது.

வழக்காக நிற்க மூன்று விஷயங்கள் வேண்டும். சட்டம் காக்கும் ஒரு செயலை நீங்கள் செய்திருக்க வேண்டும். அதன் பிறகு உங்களுக்கு ஒரு கெடுதல் நடந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே காரணத் தொடர்பு இருக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் தோற்பது மூன்றாவதில். ஆனால் அந்தத் தோல்விக்கான விதை முதல் விஷயத்திலேயே, புகார் எழுதிய விதத்திலேயே, விழுந்திருக்கும்.

புகாரில் எந்தச் சொல் இருக்க வேண்டும்

சட்டம் காக்கும் செயல் இரண்டு வகை. ஈ.ஈ.ஓ.சி.யில் புகார் பதிவது, சாட்சி சொல்வது, விசாரணையில் கலந்துகொள்வது ஒரு வகை. இதற்குப் பாதுகாப்பு மிக வலுவானது. நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்புத் தெரிவிப்பது இன்னொரு வகை: ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல், மேலாளரிடம் நேரில் சொல்வது, சக ஊழியருக்காகப் பேசுவது எல்லாம் இதில் அடங்கும். நாமாகப் புகார் கொடுக்காவிட்டாலும், ஹெச்.ஆர். நடத்தும் விசாரணையில் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னாலே போதும். 2009-இல் நாஷ்வில் நகர நிர்வாகத்துக்கு எதிரான கிராஃபோர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

இரண்டாவது வகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். “என் மேனேஜர் என்னை மோசமாக நடத்துகிறார், இங்கே சூழல் சரியில்லை, எனக்கு மரியாதை இல்லை” என்று மூன்று பக்கம் எழுதுவார்கள். அதில் ஓரிடத்தில்கூட இனம் என்றோ மதம் என்றோ பாலினம் என்றோ ஒரு சொல் இருக்காது. நீதிமன்றம் அதைப் பொதுவான மனக்குறையாகத்தான் பார்க்கும். முரட்டு மேலாளராக இருப்பது சட்டவிரோதம் இல்லை. அதைப் பற்றிய புகாருக்கு இந்தச் சட்டத்தில் பாதுகாப்பும் இல்லை. எழுத வேண்டிய முறை இப்படி இருக்கலாம்:

“மார்ச் 3 கூட்டத்தில் என் மேலாளர் என் உச்சரிப்பை எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்தார். இதே பொறுப்பில் உள்ள மற்ற மூவருக்குக் கிடைத்த பதவி உயர்வு எனக்கு மட்டும் மறுக்கப்பட்டது. என் பூர்வீக நாட்டின் காரணமாகவே இது நடக்கிறது என்று நம்புகிறேன். விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

நான்கு வரி போதும். தேதி, நடந்தது, ஒப்பிட ஆள், தடுக்கப்பட்ட காரணம், கோரிக்கை எல்லாம் வந்துவிட்டன. நேரில்தான் சொன்னீர்கள் என்றால் அன்று மாலையே “இன்று உங்களிடம் சொன்னதைக் குறித்து வைக்கிறேன்” என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாய்ப்புகாருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் பிற்பாடு “அப்படி யாரும் சொல்லவில்லையே” என்று அவர்கள் சொன்னால் கையில் ஒன்றும் இருக்காது.

நம்பிக்கை நியாயமானதாகவும் இருக்க வேண்டும். 2001-இல் தீர்ப்பான கிளார்க் கவுன்டி – பிரீடன் வழக்கில், ஒரே ஒரு முறை நடந்த ஆபாசக் கிண்டலைப் பற்றிய புகார் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த ஒரு சம்பவம் சட்டத்தை மீறியது என்று நியாயமான யாரும் நம்ப முடியாதாம். ஆகவே ஒன்றுக்கு மேல் நடந்திருந்தால் எல்லாவற்றையும் எழுதுங்கள். புகார் சொல்லும் விதத்துக்கும் எல்லை உண்டு. மிரட்டுவது, வேலையை நிறுத்துவது, மற்றவர்களின் சம்பளக் கோப்புகளை அள்ளிக்கொண்டு போவது போன்றவை பாதுகாப்பையே பறித்துவிடும்.

எதெல்லாம் பழிவாங்கல்

வேலைநீக்கம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கான அளவுகோலை வகுத்தது 2006-இல் வந்த பர்லிங்டன் நார்தர்ன் – ஒயிட் தீர்ப்பு. ஷீலா ஒயிட் டென்னசியில் ஒரு ரயில்வே யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். அந்தத் துறையில் இருந்த ஒரே பெண். மேற்பார்வையாளரைப் பற்றிப் புகார் சொன்ன பிறகு, அதே பதவிப் பெயர், அதே சம்பளத்தோடு தண்டவாளப் பராமரிப்பு என்னும் அழுக்கான, கடினமான வேலைக்கு மாற்றப்பட்டார். பின்னர் 37 நாள் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்தச் சம்பளத்தைப் பிறகு நிறுவனம் திருப்பித் தந்தது. சம்பளம்தான் வந்துவிட்டதே, பதவியும் மாறவில்லையே என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நியாயமான ஓர் ஊழியரைப் புகார் சொல்லவே தயங்க வைக்கக்கூடிய எந்தச் செயலும் பழிவாங்கலாகலாம் என்றது.

இந்த அளவுகோலில் பலதும் அடங்கும். திடீரென வரும் மோசமான மதிப்பீடு, பி.ஐ.பி. எனப்படும் செயல்திறன் திட்டம், எல்லோருக்கும் உள்ள பயிற்சியிலிருந்து விலக்குவது, குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் நேரத்தோடு மோதும்படி ஷிஃப்டை மாற்றுவது, வதந்தி பரப்புவது, குடியேற்ற நிலையைச் சொல்லி மிரட்டுவது, உறவினரைப் பழிவாங்குவது எல்லாம் இதில் வரலாம். கடைசியாகச் சொன்னதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. பெண் ஊழியர் ஒருவர் ஈ.ஈ.ஓ.சி.யில் புகார் கொடுத்தார். அதை நிறுவனம் அறிந்த மூன்றே வாரத்தில், அங்கேயே வேலை பார்த்த, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த எரிக் தாம்ப்சன் நீக்கப்பட்டார். 2011-இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்குத் தொடரலாம் என்று சொல்லியது.

அதே வேளை, மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை என்பதையெல்லாம் நீதிமன்றம் சின்ன உரசல் என்று தள்ளிவிடும். அவை வலிக்காது என்பதில்லை, தனியாக நிற்காது. ஆனாலும் நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். பெரிய செயல் ஒன்று பிறகு நடக்கும்போது இந்தச் சிறியவை பின்னணியாகத் துணை நிற்கும்.

காரணத் தொடர்பை எப்படிக் காட்டுவது

2013-இல் நாசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் கடினமான ஓர் அளவுகோலை வைத்தது: புகார் இல்லாதிருந்தால் இந்தக் கெடுதல் நடந்தே இருக்காது என்று காட்ட வேண்டும். பல காரணங்களில் அதுவும் ஒன்று என்றால் போதாது. அதற்காகப் புகார் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அது இல்லாவிட்டால் முடிவு வேறாகியிருக்கும் என்பதே கேள்வி.

முதல் படி, முடிவெடுத்தவருக்குப் புகார் தெரியுமா என்பது. தெரியாதவர் பழிவாங்க முடியாது. ஹெச்.ஆருக்கு ரகசியமாக எழுதிய புகார் மேலாளர் காதுக்குப் போனதற்கு ஏதாவது சுவடு வேண்டும்: ஹெச்.ஆர். அவரைக் கேள்வி கேட்ட தேதி, அவரே சொன்ன ஒரு வாக்கியம், கூட்ட அழைப்பு. நீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்ட பெரிய அதிகாரிக்கு எதுவும் தெரியாது, ஆனால் கீழே இருந்த மேலாளர் பொய்க் காரணம் சொல்லி அவரை அதற்குத் தூண்டினார் என்றாலும் நிறுவனம் பொறுப்பாகலாம்.

இரண்டாவது, கால இடைவெளி. புகாருக்குப் பின் சில நாள், சில வாரத்தில் நடந்தால் அதுவே வலுவான குறிப்பு. மூன்று, நான்கு மாதம் தாண்டினால் காலம் மட்டும் போதாது என்று பல நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. மேலே சொன்ன பிரீடன் வழக்கில் இடைவெளி 20 மாதம். அது எந்தத் தொடர்பையும் காட்டவில்லை என்று முடிந்தது. இடைவெளி நீளமானால் நடுவே நடந்தவற்றால் அதை நிரப்ப வேண்டும். சின்ன உரசல்களையும் குறித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

மூன்றாவது, மாறும் காரணங்கள். வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தில் ‘பதவி நீக்கப்பட்டது’ என்றிருக்கும். ஈ.ஈ.ஓ.சி.க்கு அனுப்பிய பதிலில் ‘திறமை போதாது’ என்றிருக்கும். ஒரு மாதத்தில் அதே பதவிக்கு விளம்பரம் வந்திருக்கும். நிறுவனம் ஆணையத்துக்குத் தரும் பதிலறிக்கையைப் புகார்தாரர் கேட்டு வாங்கிப் படிக்கலாம். அவசியம் கேளுங்கள். அதையும் நீக்கக் கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறுவனத்தின் பக்கம் இருக்கும் மிகப் பலமான வாதம் ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ‘புகாருக்கு முன்பே இதைத் திட்டமிட்டிருந்தோம்’. பி.ஐ.பி. ஏற்கெனவே தொடங்கிய பிறகு, வேலை போகப்போகிறது என்று தெரிந்து கொடுக்கும் புகார் பெரிய கேடயமாகாது. உண்மையான குறையைச் சுட்டும் உரிமையை மேலாளர் இழப்பதில்லை. அதனால் பாகுபாடு உண்மையாகவே நடந்தால், மதிப்பீடு நன்றாக இருக்கும் காலத்திலேயே எழுத்தில் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல்.

வேலை போன பிறகு: கெட்ட ரெஃபரன்ஸ்

வேலையை விட்டுப் போனவர் இப்போது ‘ஊழியர்’ இல்லையே, அவருக்கு எப்படிப் பாதுகாப்பு? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சார்ல்ஸ் ராபின்சனை ஷெல் ஆயில் நிறுவனம் 1991-இல் நீக்கியது. அவர் இனப்பாகுபாடு என்று ஈ.ஈ.ஓ.சி.யில் புகார் கொடுத்தார். பிறகு வேறு நிறுவனத்தில் விண்ணப்பித்தபோது, அந்தப் புகாருக்குப் பழிவாங்கவே பழைய நிறுவனம் மோசமான ரெஃபரன்ஸ் (முன்னாள் ஊழியரைப் பற்றிப் புது நிறுவனம் கேட்கும்போது சொல்லும் கருத்து) கொடுத்தது என்று வழக்குத் தொடர்ந்தார். 1997-இல் ஒருமனதாக வந்த தீர்ப்பு: சட்டத்தில் உள்ள ‘ஊழியர்கள்’ என்பது முன்னாள் ஊழியர்களையும் குறிக்கும். இல்லாவிட்டால் நீக்கப்பட்டவர்கள் புகார் கொடுக்கவே அஞ்சுவார்கள்.

எல்லாக் கெட்ட ரெஃபரன்ஸும் சட்டவிரோதம் இல்லை. நேர்மையான எண்ணத்தோடு உண்மையைச் சொல்லும் முன்னாள் நிறுவனத்தைப் பல மாநிலச் சட்டங்கள் காக்கின்றன. கேள்வி, நோக்கம் பழிவாங்கலா என்பதுதான். அதைக் காட்டும் நல்ல ஆதாரம் நிறுவனத்தின் சொந்த வழக்கத்திலேயே கிடைக்கும். பெரிய நிறுவனங்கள் பலவும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிப் பதவி ஆகியவற்றை மட்டும் சொல்லும். அப்படிப்பட்ட நிறுவனத்தில் ஒரு மேலாளர் உங்கள் விஷயத்தில் மட்டும் விதியை மீறிப் பத்து நிமிடம் பேசினார் என்றால், அது ஏன் என்று அவர்தான் விளக்க வேண்டியிருக்கும். “அவங்க நம்ம மேல கேஸ் போட்டவங்க” என்று ஒரு வாக்கியம் போதும். வேறு திட்டே தேவையில்லை. கெட்ட ரெஃபரன்ஸ் வராமல் இருந்தாலும் அந்த வேலை உங்களுக்குக் கிடைத்திருக்காது என்றால்? ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997-இல் ஹாஷிமோட்டோ வழக்கில் அப்போதும் அது பழிவாங்கலே என்றது. நஷ்ட ஈடு குறையலாம், தவறு தவறாகவே இருக்கும்.

கஷ்டம் எங்கே என்றால், பேசியது என்ன என்று தெரிவதே இல்லை. நேர்காணல்கள் நன்றாகப் போகும், ரெஃபரன்ஸ் கேட்ட மறு வாரம் அமைதியாகிவிடும். அப்போது சில வழிகள் உண்டு.

வேலை தர இருந்த நிறுவனத்தின் ரெக்ரூட்டரிடம் மரியாதையாக எழுத்தில் கேளுங்கள்: “ரெஃபரன்ஸில் ஏதாவது கவலை எழுந்ததா? தெரிந்தால் விளக்கம் தர உதவியாக இருக்கும்.” பலர் பதில் சொல்ல மாட்டார்கள், சிலர் சொல்லிவிடுவார்கள், அந்தப் பதில் தங்கம். கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய நிறுவனத்தை அழைத்து, சொன்னதை அப்படியே எழுதித் தரும் ரெஃபரன்ஸ் சரிபார்ப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. வழக்கறிஞர்கள் இவர்களைப் பயன்படுத்துவதுண்டு. நண்பரை விட்டுப் பொய்ப் பெயரில் பேச வைத்து அதைப் பதிவு செய்வதைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி உரையாடலில் ஒருவர் சம்மதம் போதும் என்றாலும், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் ரகசிய உரையாடலைப் பதிவு செய்ய எல்லோர் சம்மதமும் வேண்டும். மீறினால் நீங்கள்தான் குற்றவாளி.

பின்னணிச் சோதனையை வெளி நிறுவனம் ஒன்று செய்திருந்தால் நிலைமை கொஞ்சம் நல்லது. ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் என்னும் கூட்டாட்சிச் சட்டப்படி, அந்த அறிக்கையை வைத்து வேலையை மறுக்கும் முன் அதன் பிரதியையும் உங்கள் உரிமைகள் பற்றிய சுருக்கத்தையும் உங்களுக்குத் தர வேண்டும். தவறு என்றால் மறுப்புத் தெரிவிக்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஆனால் புது மேலாளர் பழைய மேலாளரை நேரே ஃபோனில் அழைத்துப் பேசியிருந்தால் இந்தச் சட்டம் அங்கே எட்டாது. மாநிலச் சட்டத்தையும் பாருங்கள்: கலிஃபோர்னியாவில் பொய் சொல்லி முன்னாள் ஊழியருக்கு வேலை கிடைக்காமல் தடுப்பது குற்றம், நஷ்டத்தின் மூன்று மடங்கை சிவில் வழக்கில் கேட்கலாம்.

நாள் கணக்கு: இங்கேதான் நல்ல வழக்குகள் சாகின்றன

ஈ.ஈ.ஓ.சி.யில் புகார் பதிய 180 நாள். உங்கள் மாநிலத்திலோ ஊரிலோ அதே பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமும் அமைப்பும் இருந்தால் 300 நாள். பெரும்பாலான மாநிலங்களில் 300 கிடைக்கும்; ஆனாலும் 180 என்றே மனத்தில் வையுங்கள். சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் கணக்கில் சேரும். கூட்டாட்சி அரசு ஊழியர்களுக்கு விதி வேறு: தங்கள் துறையின் சம வாய்ப்பு ஆலோசகரை 45 நாளுக்குள் அணுக வேண்டும்.

இதில் பொறிகள் பல. நிறுவனத்துக்குள் மேல்முறையீடு, ஹெச்.ஆர். விசாரணை, சமரசப் பேச்சு எதுவும் இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. “விசாரணை முடியட்டும், பொறுங்கள்” என்று ஹெச்.ஆர். அன்பாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது நாள் ஓடிவிடும். ஈ.ஈ.ஓ.சி.யின் இணைய வாசலில் விசாரிப்பு ஒன்றை நிரப்புவது புகார் பதிந்ததாகாது. நேர்முகம் முடிந்து, புகார்ப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகே அது புகார். வேலைநீக்கத்தில் நாள் தொடங்குவது கடைசி வேலை நாளில் இல்லை, நீக்குவதாகத் தெரிவித்த நாளில்.

முக்கியமாக, ஒவ்வொரு தனிச் செயலுக்கும் ஒரு தனிக் கடிகாரம். 2002-இல் வந்த மார்கன் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. பதவி மறுப்பு, இடமாற்றம், நீக்கம், கெட்ட ரெஃபரன்ஸ் ஒவ்வொன்றும் தன் தன் தேதியிலிருந்து எண்ணப்படும். முதல் புகாரில் பூர்வீக நாடு என்று குறியிட்டுக் கொடுத்துவிட்டு, ஐந்து மாதம் கழித்து வந்த கெட்ட ரெஃபரன்ஸும் அதில் தானாக அடங்கும் என்று இருந்துவிடக் கூடாது. பழைய புகாரைத் திருத்தி பழிவாங்கல் என்ற பெட்டியிலும் குறியிடச் சொல்லுங்கள், அல்லது புதிய புகார் கொடுங்கள். டெக்சாஸில் ஃபோர்ட் பெண்ட் கவுன்டி (மாவட்டம் போன்ற அமைப்பு) நிர்வாகத்தில் ஐ.டி. பணியில் இருந்த லோயிஸ் டேவிஸ், மதப் பாகுபாட்டை ஆரம்பக் கேள்வித்தாளில் கையால் எழுதினார். முறையான புகாரில் சேர்க்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. முறையான புகாரில் மதம் இல்லையே என்ற ஆட்சேபத்தைக் கவுன்டி மிகத் தாமதமாக எழுப்பியதால்தான் அவர் தப்பினார்.

புகார் பதிந்த 10 நாளுக்குள் ஆணையம் நிறுவனத்துக்குத் தெரிவிக்கும். பழிவாங்கல் கூடுதலாக வரக்கூடிய காலம் அதிலிருந்து தொடங்குகிறது என்று எதிர்பார்த்துத் தயாராக இருங்கள். இருதரப்பும் ஒப்புக்கொண்டால் இலவசச் சமரசப் பேச்சும் உண்டு. ஆணையம் கோப்பை மூடி வழக்குத் தொடரும் உரிமைக் கடிதம் தந்தால், கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். அந்தக் கடிதம் பெரும்பாலும் இணையக் கணக்கில்தான் வரும். மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டு வழக்கை இழக்காதீர்கள்.

15 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டம் பொருந்தாது. வயது வழக்குக்கு 20 பேர் வேண்டும். ஆனால் இனப்பாகுபாட்டுப் புகாருக்குப் பழிவாங்கினால் ‘செக்‌ஷன் 1981’ என்னும் பழைய சட்டம் உதவும். அதற்கு ஆள் கணக்கு இல்லை, ஈ.ஈ.ஓ.சி. போக வேண்டியதில்லை, நான்கு ஆண்டு அவகாசம், நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பும் இல்லை. வழக்கறிஞரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

ஹெச்1பி, வெண்டர், கிளையன்ட்

விசாவில் இருப்பவருக்கும் இந்தச் சட்டங்கள் பொருந்தும். நடைமுறை நெருக்கடிதான் வேறு. வேலை போனால் ஹெச்1பி வேலை விசாவுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் புது முதலாளி மனுத் தாக்கல் செய்ய வேண்டும், அல்லது நிலையை மாற்ற வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். அந்த 60 நாளில் வரும் ஒரு கெட்ட ரெஃபரன்ஸ் மற்றவர்களுக்குத் தருவதைவிடப் பல மடங்கு சேதம் தரும். எனவே புகார் எழுதும் முன்பே ஐ-797 (விசா மனு ஒப்புதல் அறிவிப்பு), சம்பளச் சீட்டுகள், மதிப்பீடுகள் ஆகியவற்றின் உங்கள் பிரதிகளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடைய ஆவணங்களை மட்டும்தான். கிளையன்ட் கோப்பு, நிரல், மற்றவர் விவரம் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அது நிறுவனத்துக்கு உங்களை நீக்க நல்ல காரணத்தைக் கையில் கொடுப்பதாகும்.

வெண்டர் (ஆள் அனுப்பும் நிறுவனம்) மூலம் கிளையன்ட் (வேலை வாங்கும் நிறுவனம்) இடத்தில் வேலை செய்பவர்கள் யார் மேல் புகார் கொடுப்பது என்று குழம்புவார்கள். உங்கள் வேலையை இருவரும் கட்டுப்படுத்தினால் இருவருமே பொறுப்பாகலாம். இரண்டு பெயரையும் புகாரில் எழுதுங்கள். கிளையன்ட் ‘வேண்டாம்’ என்றதும் கேள்வி கேட்காமல் உங்களை வெளியே எடுத்த வெண்டரும், அது பழிவாங்கல் என்று தெரிந்திருந்தால், தப்ப முடியாது.

ராஜினாமா செய்யும் முன், கையெழுத்திடும் முன்

மனம் வெறுத்து விலகினால், தாங்க முடியாத சூழல்தான் தள்ளியது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அது மிக உயரமான படி. முடிந்தவரை, ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரமாவது பேசிவிட்டு முடிவெடுங்கள். வேலை தேடிய ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தேதியோடு அட்டவணையில் எழுதுங்கள்: நிறுவனம், நேர்காணல் நாள், ரெஃபரன்ஸ் கேட்ட நாள், பதில். பின்சம்பளம் (வேலையிழந்த காலத்துக்கான சம்பளம்) கேட்க, நீங்கள் நேர்மையாக வேலை தேடினீர்கள் என்று காட்ட வேண்டும். ரெஃபரன்ஸால் கைவிட்டுப்போன வேலைகளும் அதிலேயே தெரியும். பின்சம்பளத்துக்கு உச்சவரம்பில்லை. மன வேதனைக்கும் தண்டனைக்குமான ஈட்டுக்கு மட்டும் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர் எண்ணிக்கைப்படி வரம்பு வைத்திருக்கிறது: 100 பேர் வரை 50,000 டாலர், 200 வரை 1,00,000, 500 வரை 2,00,000, அதற்கு மேல் 3,00,000.

பல வழக்குகள் உடன்படிக்கையில்தான் முடிகின்றன. பணத்தைப் பேசுவதில் மூழ்கி ரெஃபரன்ஸை ஒற்றை வரியில் விட்டுவிடுவார்கள். ‘நிறுவனம் நடுநிலையான ரெஃபரன்ஸ் தரும்’ என்ற வரி போதாது. யார் பதில் சொல்வார், எந்த எண்ணுக்கு அழைப்பு வர வேண்டும், என்ன வார்த்தைகள் என்பது எழுதப்பட வேண்டும். ஒரு கடிதத்தை இணைப்பாக வைப்பது சிறந்தது. உங்கள் பழைய மேலாளர்களின் பெயரைக் குறிப்பிட்டு, வரும் அழைப்புகளை ஹெச்.ஆருக்கு அனுப்பும்படி அவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும் என்று சேருங்கள். பணிக்கோப்பில் விலகிய காரணம் ‘ராஜினாமா’ என்று மாற்றப்படுகிறதா என்று பாருங்கள். பலரும் மறப்பது ஒன்று: “இவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?” என்ற கேள்வி. மற்ற எல்லாம் நடுநிலையாக இருந்து இதற்கு மட்டும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் கதை முடிந்தது. அதற்குப் பதில் சொல்வதில்லை என்பதே நிறுவனக் கொள்கை என்ற வாசகத்தை உடன்படிக்கையிலேயே போட வையுங்கள்.

ஈ.ஈ.ஓ.சி.யில் இனிப் புகாரே கொடுக்க மாட்டேன் என்று எழுதி வாங்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. பண ஈடு கேட்கும் உரிமையைத்தான் விட்டுக்கொடுக்க முடியும். 40 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ளவர் வயதுப் பாகுபாட்டு உரிமையை விடுவதாக இருந்தால், யோசிக்க 21 நாளும், கையெழுத்திட்ட பிறகு திரும்பப் பெற 7 நாளும் தர வேண்டும். ஒரு குழுவையே அனுப்பும்போது யோசிக்கும் காலம் 45 நாள். “இன்று மாலைக்குள்” என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரத்தையும் நாட்குறிப்பில் எழுதுங்கள். உடன்படிக்கை முடிந்து இரண்டு மாதம் கழித்து ரெஃபரன்ஸ் சரிபார்ப்பு நிறுவனம் ஒன்றின் மூலம் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். ஒப்புக்கொண்ட வார்த்தைகளுக்கு மாறாக வேறு ஏதாவது வந்தால், அது ஒப்பந்த மீறல். புதிய பழிவாங்கலாகவும் இருக்கலாம். அந்தத் தேதியிலிருந்து 180 நாளை மறுபடி எண்ணத் தொடங்குங்கள்.